தம்பிக்கு கேமிங் லேப்டாப்: கையில் 75,000, இழுத்துப் பிடித்தால் 80,000. பாலக்காடு எல்லைப் பக்கம் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

#1 கொழிஞ்சாம்பாறை அக்கா

வணக்கம். தம்பி இந்த வருடம் பொள்ளாச்சி பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறான். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறான். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்கிற வரைபட சாப்ட்வேர் இரண்டும் ஓட வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அதோடு அவனுக்கு கேம் ஆட வேண்டும், அதை நான் மறைக்கப் போவதில்லை. ப்ளஸ் டூ படித்த வருடம் முழுக்க போனைக்கூட தொடாமல் இருந்து மார்க் வாங்கினான். வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அம்மா பால் சொசைட்டியில் ஊற்றிச் சேர்த்தது 50,000. என் சம்பளத்தில் 25,000. அதற்கு மேல் 5,000 புரட்டலாம், அவ்வளவுதான்.

இப்போது ஆடுவது வேலரன்ட், ஜிடிஏ 5. சைபர்பங்க் 2077 ஆட ஆசை. எங்களுடையது ஓட்டு வீடு, ஏசி கிடையாது. மூன்று மாடல் பார்த்து வைத்திருக்கிறேன்:

ஒன்று, ஆர்டிஎக்ஸ் 4050 கார்டு, ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், 78,000. இன்னொன்று, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, ஐ7, 16 ஜிபி ராம், 68,000. மூன்றாவது ஆன்லைனில், ஆர்டிஎக்ஸ் 4060 போட்ட மெல்லிய மாடல், 84,000. கடைக்காரர் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்கிறார், "ஐ7 இருக்கிறதே" என்கிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

#2 வேலந்தாவளம் விசிறி

அக்கா, மூன்று மாடலுக்கும் முதலில் ஒரே ஓர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட்டில் ஓடுகிறது? இதை டிஜிபி என்பார்கள். கடையில் தானாகச் சொல்ல மாட்டார்கள், ஸ்டிக்கரிலும் பெரும்பாலும் இருக்காது.

லேப்டாப்பில் கார்டின் பெயர் பாதி விஷயம்தான். கார்டு செய்யும் என்விடியாவின் கணக்கில் 4050-க்கும் 4060-க்கும் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இடம் இருக்கிறது. டைனமிக் பூஸ்ட், அதாவது பிராசஸருக்குத் தேவைப்படாத வாட்டைக் கார்டுக்குத் திருப்பிவிடுவது, அதற்கு மேல் தனி. எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் செய்யும் கம்பெனி தீர்மானிக்கும். பெட்டி மெல்லியதாக இருந்தால் உள்ளே சூட்டை வெளியேற்ற இடம் இருக்காது, அதனால் வாட்டைக் குறைத்துத்தான் வைப்பார்கள். ஸ்டிக்கரில் மட்டும் அதே 4060. முழு வாட் கிடைக்கும் 4050 ஒன்று, வாட் குறைத்து அடைத்த 4060-க்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்து நின்றுவிடும். உங்கள் மூன்றாவது மாடல் எனக்கு அந்த வகையாகத்தான் தெரிகிறது. 84,000 கொடுத்து அதை வாங்க வேண்டாம்.

கடையில் ஆன் செய்து வைத்த பீஸ் இருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்பர்மேஷன் பார்க்கச் சொல்லுங்கள். மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்று வாட் கணக்கு அங்கே இருக்கும். இல்லையென்றால் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த மாடல் எண்ணை முழுதாகப் போட்டுத் தேடுங்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினாலும் திரை மாறும், ராம் மாறும்.

3050-ஐத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். வேலரன்டும் ஜிடிஏ 5-ம் அதில் நன்றாகவே ஓடும். வேலரன்டுக்கு கார்டை விட பிராசஸர்தான் முக்கியம். ஆனால் சைபர்பங்க் என்று சொன்னீர்களே, அங்கேதான் 4050 தனியாகத் தெரியும். ஃபிரேம் என்பது திரையில் அடுத்தடுத்து வரும் படம்; அவற்றின் நடுவே கூடுதல் படத்தைக் கார்டே உருவாக்கும் என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் வசதி ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்துதான் உண்டு, 3050-க்குக் கிடையாது.

#3 கஞ்சிக்கோடு ஷிப்ட்

சகோதரி, "ஓட்டு வீடு, ஏசி இல்லை" என்று எழுதினீர்களே, அதைத்தான் முதலில் பேச வேண்டும். மார்ச், ஏப்ரலில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடுகிறது. இணையத்தில் வருகிற ரிவ்யூ பெரும்பாலும் ஏசி அறையில் எடுத்தது. அதில் 85 டிகிரி காட்டுகிற பிராசஸர் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் 95-ஐத் தாண்டும். அந்த இடத்தில் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் விட்டுவிட்டு ஓடும். பையன் லேப்டாப் கெட்டுவிட்டது என்று பயப்படுவான். கெட்டிருக்காது, சூடுதான்.

என்னிடம் இருப்பது மூன்று வருடம் பழைய கேமிங் லேப்டாப். ஷிப்ட் முடிந்து வந்து ஆடுகிறேன். நான் செய்வது இவ்வளவுதான்: பின்பக்கத்தை இரண்டு பாட்டில் மூடி வைத்துத் தூக்கிவிடுவேன், கீழே காற்று போக அது போதும். மெத்தை மேல் ஒருநாளும் வைப்பதில்லை. கேமுக்குள் ஃபிரேமை நொடிக்கு 60-இல் கட்டிவிடுவேன், கோடையில் மட்டும். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 100-இலிருந்து 99 ஆக்கினால் டர்போ, அதாவது பிராசஸர் தானாக ஏற்றிக்கொள்ளும் கூடுதல் வேகம், நின்றுவிடும். சூடு சட்டென்று இறங்கும், கேமில் இழப்பது கொஞ்சம்தான்.

அதனால் மெல்லியதை வாங்காதீர்கள். தடிமனாக, பின்னாலும் பக்கத்திலும் காற்று வெளியேறும் துவாரம் பெரிதாக இருப்பதை வாங்குங்கள். பஸ்ஸில் தூக்கக் கொஞ்சம் கனம்தான், இரண்டே கால் கிலோ வரும், சார்ஜர் தனியாக ஒரு செங்கல். அதைத் தூக்கிக்கொள்ளலாம். சூட்டை ஒன்றும் செய்ய முடியாது.

#4 மீனாட்சிபுரம் சர்வீஸ்

தங்கச்சி, நான் லேப்டாப் ரிப்பேர் பார்ப்பவன். என் டேபிளுக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்ன "ஐ7" என்பதை வைத்து முடிவு செய்யாதே. பிராசஸர் பெயர் முழுதாக வேண்டும். ஒரு உதாரணம்: ஐ5-13420எச் என்று பதின்மூன்றாம் தலைமுறைப் பெயரில் ஒன்று இருக்கிறது, அதில் 8 கோர், அதாவது கணக்குப் போடும் பகுதி எட்டு. அதற்கு முந்தைய தலைமுறையில் ஐ5-12500எச், அதில் 12 கோர். புதிய எண் என்பதால் பெரியது இல்லை. ஏஎம்டி கம்பெனி பிராசஸரின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்: ரைசன் 7 7735எச்எஸ்-இல் அது 3, அதாவது ஜென் 3 என்கிற பழைய வடிவமைப்புக் குடும்பம். 7840எச்எஸ்-இல் 4, ஜென் 4. இரண்டுமே ரைசன் 7 என்றுதான் ஸ்டிக்கரில் இருக்கும். பழையது மோசமில்லை, ஆனால் விலையும் பழைய விலையாக இருக்க வேண்டும்.

அடுத்தது ராம். 8 ஜிபி ஒற்றை ராம் போட்டு விற்பது விலையைக் குறைத்துக் காட்டத்தான். சாலிட்வொர்க்ஸுக்கே 16 ஜிபி கேட்கிறார்கள். ஒற்றை ராம் என்றால் கேமிலும் ஃபிரேம் குறையும், இரண்டு ராம் சேர்ந்து ஓடும்போதுதான் பிராசஸருக்குத் தீனி சரியாகப் போகும். முன்பெல்லாம் "8 வாங்கு, பிறகு போட்டுக்கொள்" என்று நானே சொல்வேன். 2025 கடைசியில் ராம் விலை ஏறியதிலிருந்து அப்படிச் சொல்வதில்லை. ஆக, உன் முதல் மாடலின் உண்மை விலை 78,000 அல்ல, ராம் விலையையும் சேர்த்துப் பார். அதோடு ராம் போட இரண்டு ஸ்லாட் இருக்கிறதா, இல்லை போர்டோடு ஒட்டிவிட்டார்களா என்று கேள். ஒட்டியிருந்தால் பிறகு எதுவும் செய்ய முடியாது.

கேமும் ஃபைலும் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி போதும் என்பார்கள். சைபர்பங்க் மட்டும் 70 ஜிபி கேட்கும், ஜிடிஏ 5 நூறை ஒட்டி வரும், சாலிட்வொர்க்ஸ் தனி. இரண்டாவது எஸ்எஸ்டி மாட்ட இடம் காலியாக இருந்தால் கவலை இல்லை.

இன்னொன்று, திரையை மூடித் திறக்கும் கீல். கடையில் ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து பார். முறுக்கிக்கொண்டு வந்தால் வேண்டாம். மாணவர்கள் கொண்டுவரும் லேப்டாப்பில் நான் அதிகம் பார்ப்பது கீல் உடைந்து பாடி பிளந்த கேஸ்தான்.

#5 நகரி நெசவு

நான் ஆந்திரா பக்கம், நகரி. எங்களுக்குச் சென்னைதான் பக்கம், ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு வருடம் பழைய 3060 லேப்டாப்பை நல்ல விலைக்கு வாங்கினேன். 80,000-க்குள் பலமான கார்டு வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்ட் பாருங்கள். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். தயாரித்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்ணும் அதில் இருக்கும். அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

#6 மீனாட்சிபுரம் சர்வீஸ்

நகரி அண்ணன் பார்த்து வாங்கத் தெரிந்தவர். இந்தத் தங்கச்சிக்கு வேண்டாம். அம்மா பால் ஊற்றிச் சேர்த்த பணம் அது. போர்டு போனால் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று நிற்கும். வாரண்டி உள்ள புதியதுதான் சரி.

#7 நகரி நெசவு

சரிதான். நான் அந்தப் பணம் எப்படி வந்தது என்பதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். புதியதே வாங்குங்கள் சகோதரி.

#8 கொழிஞ்சாம்பாறை அக்கா

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவதை விட்டுவிட்டேன். தம்பியும் படித்துக்கொண்டிருக்கிறான், வாட் கணக்கை அவனே நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

இரண்டு சந்தேகம். மாமா துபாயில் இருக்கிறார், அடுத்த மாதம் வருகிறார். அங்கே விலை குறைவு, வாங்கி வருகிறேன் என்கிறார். இன்னொன்று, கோயம்புத்தூரில் வாங்கினால் பாலக்காட்டை விட வரி குறைவு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

#9 ஷார்ஜா திரும்பியவன்

நான் பதினோரு வருடம் அங்கே இருந்தேன். அங்கே மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம்தான், இங்கே ஜிஎஸ்டி 18. அந்த வித்தியாசம் உண்மை. பதினெட்டு வயது தாண்டிய பயணி ஒரு லேப்டாப்பைக் கஸ்டம்ஸ் வரி இல்லாமல் கொண்டு வரலாம், அதுவும் உண்மை. ஆனால் வாரண்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடலுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான். கேமிங் லேப்டாப் என்பது முதல் வருடத்திலேயே எதையாவது கேட்கிற பொருள். நான் கொண்டு வந்ததில் ஏழாவது மாதம் திரை போனது. இங்கே உள்ள சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள். காசு கொடுத்துத்தான் மாற்றினேன், மிச்சம் பிடித்தது எல்லாம் அதில் போனது. கீபோர்டில் அரபி எழுத்தும் இருக்கும், பிளக்கும் வேறு.

மாமாவிடம் பணமாக உதவச் சொல்லுங்கள் என்று நான் சொன்னால் தப்பாக எடுக்காதீர்கள்.

#10 வேலந்தாவளம் விசிறி

வரி விஷயம்: 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே வரி. 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை கேரளத்தில் வெள்ள செஸ் என்று 1 சதவீதக் கூடுதல் வரி இருந்தது, அந்த நேரத்தில் கோயம்புத்தூர் பில் கொஞ்சம் குறைவாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதை நினைவில் வைத்துச் சொல்லியிருப்பார். இப்போது இல்லை.

கோயம்புத்தூர் போவதற்குக் காரணம் வேறு. காந்திபுரம் பக்கம் கடைகள் அதிகம், ஆன் செய்து காட்டும் பீஸ் இருக்கும். உக்கடத்துக்கு நேராக பஸ். ஓணம் சமயம் என்றால் பாலக்காட்டுக் கடைகளிலும் நல்ல ஆஃபர் வரும். இரண்டு இடத்திலும் விலை கேட்டுவிட்டு எங்கே குறைவோ அங்கே. வாங்குமுன் உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கு வந்து பார்க்கும் சர்வீஸ் உண்டா என்று கம்பெனி நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி இருக்காதீர்கள், நம் பக்கம் சில பின்கோடுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பார்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை என்று சொன்னால் ஒருமுறை நிறுத்திக் கணக்குப் போடுங்கள். வட்டி அளவுக்கு விலையில் கழித்துக் காட்டுவார்கள், ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும். பிராசஸிங் ஃபீஸும் இருக்கும். சில சமயம் இஎம்ஐ எடுத்தால் மொத்தப் பணத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி கிடைக்காது. உங்களிடம் பணம் இருக்கிறதே, மொத்தமாகக் கொடுத்து விலை பேசுங்கள்.

#11 பாலக்காட்டான்

80,000-க்கு டெஸ்க்டாப் கட்டினால் இதைவிட நல்ல கார்டு வருமே? யாரும் சொல்லவில்லை.

#12 கஞ்சிக்கோடு ஷிப்ட்

வரும். சூட்டுக்கும் டெஸ்க்டாப்தான் நல்லது. ஆனால் பையன் கல்லூரி லேபுக்கு எடுத்துப் போக வேண்டும், தினமும் பஸ்.

#13 குமுளி மழை

நான் குமுளிக்காரன், எங்களுக்கு உங்கள் சூடு கிடையாது, ஈரம்தான். ஆனால் ஒரு பிரச்சினை இரண்டு பக்கமும் ஒன்று: இடி. துலா மழையிலும் (ஐப்பசி மழை) கோடை மழையிலும் எங்கள் எஸ்டேட் லைனில் ரூட்டர் எரியாத வருடம் இல்லை. போன வருடம் என் நண்பர் இடி இடிக்கும்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டார், ஆனால் ரூட்டரிலிருந்து வந்த லேன் வயரை மறந்துவிட்டார். லேப்டாப்பின் லேன் போர்ட் போய்விட்டது. இடி சத்தம் கேட்டதும் இரண்டையும் பிடுங்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போகும் ஊர் என்றால் இன்னொரு விஷயம். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, நெட்டுக்கு இல்லை. வேலரன்ட் பாதியில் அறுந்தால் பையன் பெனால்டி வாங்குவான். ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறார்கள், இரண்டாயிரத்துக்குள் முடியும்.

#14 கஞ்சிக்கோடு ஷிப்ட்

குமுளி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சார்ஜரை மூன்று பின் உள்ள, எர்த் சரியாக இருக்கும் பிளக்கில்தான் போட வேண்டும். எர்த் இல்லை என்றால் மெட்டல் பாடியைத் தொடும்போது கை சுறுசுறு என்று இருக்கும். ஓட்டு வீட்டுப் பழைய வயரிங்கில் இது சகஜம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதா? 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி என்றால் தாளில் 1800 வாட் அவர், நடைமுறையில் அதைவிடக் குறைவு. கேம் ஓடும்போது லேப்டாப் 150 வாட்டுக்கு மேல் இழுக்கும். மூன்று ஃபேனும் லைட்டும் ஓடும் இன்வெர்ட்டரில் இதையும் போட்டால் ராத்திரி அம்மாவுக்கு ஃபேன் நின்றுவிடும். கரண்ட் இல்லாதபோது கேம் வேண்டாம் என்று இப்போதே பேசிவிடுங்கள். வெறும் பேட்டரியில் ஆடினாலும் கார்டு முழு வேகம் காட்டாது, ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். 65 வாட் டைப்-சி சார்ஜர் கல்லூரியில் நோட்ஸ் எடுக்க உதவும், கேமுக்கு அது பற்றாது.

#15 கொழிஞ்சாம்பாறை அக்கா

இன்று கோயம்புத்தூர் போய்வந்தோம். நான்கு கடை. முதல் கடையில் வாட் என்று கேட்டதும் "அதெல்லாம் எதற்கு மேடம்" என்றார். வெளியே வந்துவிட்டோம். மூன்றாவது கடையில் ஒரு பையன் பொறுமையாகக் கன்ட்ரோல் பேனலைத் திறந்து காட்டினான்.

4050, 95 வாட். ரைசன் 7 7735எச்எஸ், மூன்றாவது இலக்கம் 3 என்று தம்பி உடனே சொன்னான். 16 ஜிபி, இரண்டு ராம். 512 எஸ்எஸ்டி, இன்னொன்றுக்கு இடம் இருக்கிறது. 81,500 சொன்னார்கள். திரையைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். அதன் விவரத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருக்கிறது, 144 ஹெர்ட்ஸ். அது பரவாயில்லையா?

#16 வேலந்தாவளம் விசிறி

நல்ல பீஸ் அக்கா. 95 வாட் 4050-க்குப் போதும். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி எல்லாம் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவு. 45 சதவீத என்டிஎஸ்சி என்றால் நிறம் வெளுத்துத் தெரியும், சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சு மாதிரி இருக்கும். போட்டோ எடிட் செய்பவர் என்றால் வேண்டாம் என்பேன், 100 சதவீத எஸ்ஆர்ஜிபி கேட்கச் சொல்வேன். தம்பி வரைவதும் ஆடுவதும்தான். அந்தத் திரையைத் திண்ணையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது கஷ்டம், உள்ளே வைத்துப் பார்க்கலாம். பிறகு ஒருநாள் நல்ல மானிட்டர் வாங்கி மாட்டினால் அந்தக் குறையும் போய்விடும். வாட்டையும் போர்டையும் பிறகு மாற்ற முடியாது.

81,500-ஐ 80,000-க்குப் பேசுங்கள். ஹெட்போன், பை எல்லாம் இலவசம் என்று அடுக்குவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லி விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் உள்ளதுதானே? விண்டோஸ் இல்லாமல் விற்கும் டாஸ் மாடல் என்றால் விட்டுவிடுங்கள். அதில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டால் வேலரன்ட் ஓடாது.

#17 மீனாட்சிபுரம் சர்வீஸ்

பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கு. பெட்டியைக் கடையிலேயே பிரித்து ஆன் செய், திரை முழுக்க வெள்ளை வைத்துப் புள்ளி இருக்கிறதா பார். அந்த சீரியல் நம்பரைக் கம்பெனி பக்கத்தில் போட்டு வாரண்டி இன்றைய தேதியிலிருந்து தொடங்குகிறதா என்று பார். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் டிஸ்ப்ளே பீஸாக இருக்கலாம்.

வாங்கியதும் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் செட்டிங்கைப் போட்டுவிடு. எப்போதும் சார்ஜரோடு கிடக்கும் லேப்டாப்பில் பேட்டரி உப்புவதை நான் வாரத்துக்கு ஒன்று பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருதடவை தூசி எடுக்கக் கொண்டு வா. உங்கள் ஊர் மண்காற்றுக்கு ஆடி மாதம் முடிந்ததும் கொண்டு வந்தால் நல்லது.

#18 கொழிஞ்சாம்பாறை அக்கா

80,000-க்கு முடிந்தது. பை வாங்கவில்லை, ஹெட்போனும் வாங்கவில்லை. சீரியல் நம்பர் பார்த்தோம், வாரண்டி வாங்கிய அன்றிலிருந்துதான். விண்டோஸும் இருக்கிறது. மாமாவிடம் விவரம் சொன்னேன், மினி யூபிஎஸ் தான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார், அந்த அறையில் எர்த் வயரே இல்லையாம், இழுத்துக் கொடுத்தார்.

தம்பி முதலில் சாலிட்வொர்க்ஸ் போட்டு ஒரு போல்ட் வரைந்து அம்மாவுக்குச் சுற்றிக் காட்டினான். அப்புறம்தான் கேம். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இடி. நாங்கள் எழுவதற்கு முன்னால் அம்மா போய் சார்ஜரையும் ரூட்டர் வயரையும் பிடுங்கி வைத்துவிட்டு, "இரண்டையும் எடுத்துவிட்டேன், போதுமா?" என்று கேட்டார்.